பதினேழாவது நிமிடம்

விரிவுரையாளர் வேலையில் மிகவும் ஆபத்தானது மாணவர்களின் தலையாட்டல். உங்களுக்கும் அது பழகியிருக்கும். திருகோணமலையில் இருபது வருடங்களாகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் நான், எங்கள் வளாகத்துக்குப் புதுக் கருவிகள் வரும்வரை அதை முழுதாக நம்பியிருந்தேன்.

வெறும் பலகை

புதிய மின்பலகையில் உள்ளங்கை பட்டால் எழுத்து அழிந்துவிடும். என்ன அறிவு அதற்கு! வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஆனால் இடது கையை ஊன்றி எழுதுவது என் பழக்கம். தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் நியம விலகலை எழுதி முடித்து, மாணவர் பக்கம் திரும்பி, "விளங்குதா?" என்றேன். "ஓம் சேர்" என்றது மண்டபம்.

திரும்பிப் பார்த்தால் பலகையில் ஒரு எழுத்தும் இல்லை. முன்வரிசையில் இருந்தவள் கட்டைபறிச்சான் ஊரிலிருந்து வரும் வினோதினி. என் பாடத்தில் இரண்டு தரம் தவறியவள். இந்த மூன்றாம் தரமும் தவறினால் அவளுக்குப் பட்டம் கிடையாது. "பலகையில ஒண்டுமில்லையே பிள்ளை?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை சேர், விளங்குது."

ஏற்றம்

விரிவுரைகள் பதிவாகி இணையத்தில் ஏறின. மாணவர்கள் எந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்பதையும் அந்தத் தளம் வரைந்து காட்டியது. சராசரியிலிருந்து வரும் வித்தியாசத்தை வர்க்கிக்கும், அதாவது அதை அதாலேயே பெருக்கும், பதினேழாவது நிமிடத்தில் கோடு செங்குத்தாக எழும்பி நின்றது. நான் பெருமையோடு, "நல்ல இடம்போல, ரசிச்சுப் பார்த்திருக்கினம்" என்றேன். கணினிப் பிரிவுத் தர்ஷினி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஓர்ஸ் ஹில் ஏற்றம் மாதிரி நிக்குது சேர். எல்லாரும் இதிலதான் மூச்சு வாங்கியிருக்கினம்."

பெயரில்லாக் கேள்வி

அடுத்தது, பெயர் போடாமல் கைபேசியில் கேள்வி அனுப்பும் வசதி. இருபது வருடம் ஊமையாக இருந்த மண்டபம் ஒரே நிமிடத்தில் திரையை நிரப்பியது. எனக்கு மெய்சிலிர்த்தது. நடுவில் ஒன்று: "இது எனக்குக் கடைசித் தரம் சேர். வித்தியாசத்தை ஏன் வர்க்கிக்கிறம்?"

பெயர் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் கடைசித் தரம் ஒருத்திக்குத்தான். நான் முன்வரிசையைப் பார்க்கவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது. உதாரணத்துக்கு மூதூர் பஸ்ஸைக் கூப்பிட்டேன். ஒருநாள் பத்து நிமிடம் முந்தி, மறுநாள் பத்து நிமிடம் பிந்தி. கூட்டினால் பூச்சியம். அப்படியென்றால் பஸ் நேரத்துக்கு வந்ததா? பின்வரிசை சிரித்தது. வர்க்கித்தால் மைனஸ் போய்விடும், பிழை ஒளிக்க ஏலாது என்றேன். "விளங்குதா?" என்றதும் வழக்கமான தலைகள் ஆடின. வினோதினி கையை உயர்த்தினாள்.

"இல்லை சேர், விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

பெறுபேறு

இன்னும் மூன்று தரம் சொன்னேன். அவள் பரீட்சையில் சித்தியடைந்தாள். பெறுபேறு வந்த அன்று என் அறைக்கு வந்தவளிடம், "முந்தியே கேட்டிருக்கலாமே பிள்ளை?" என்றேன்.

"கேட்டால் உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியாது எண்டு சொன்ன மாதிரி ஆயிடும் எண்டு பயந்தனான் சேர்."

புதிய கருவிகளால் மாணவர்கள் நன்கு பயனடைந்தார்கள் என்று நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படிப் பயனடைந்த முதல் மாணவன் நான்தான் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை.