பின்கால்

நான் வாள் பழகியது ஒரு வேஸ்ட் தாளைப் பார்த்து. அண்ணன் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தான். மை பிசகிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவான். எங்கள் வீட்டு அலமாரியில் விரித்தது, தூக்குச்சட்டியைச் சுற்றியது எல்லாம் அதுதான். ஊருக்குள் செல்போன் வந்த புதுசு. அந்த வருஷம் அவன் கொண்டுவந்த தாள்கட்டு ஒன்றில், பழைய காலத்து வெள்ளைக்காரர்கள் வாளை நீட்டி நிற்கிற தாள் ஒன்று இருந்தது. காலடித் தடங்களும் அம்புக்குறிகளும் போட்டிருந்தார்கள். எதிராளி வேண்டாம், தனியாகவே பழகலாம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்கு அது போதும். ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டுக்குப் பின்னால் பொட்டலில் சாம்பலால் கோடு போட்டு, மூங்கில் கம்போடு நிற்பேன். கை முதலில் நீள வேண்டும். பிறகு முன்கால் போக வேண்டும். கடைசியாகப் பின்கால், தரையை விட்டு எழும்பாமல் சறுக்கி வந்து சேர வேண்டும். முதல் இரண்டும் ஒரு மாசத்தில் வந்துவிட்டன. பின்கால் மட்டும் எழும்பி எழும்பி வந்தது.

காரணம் இருந்தது. நானும் மதினியும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தோம். மருந்து ரூமில் நாலு பேர்தான் இருக்கலாம், செருப்புக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது. பெட்டியானாலும் காலானாலும் தூக்கித்தான் வைக்க வேண்டும். சிந்திய மருந்தில் ஒரு மணல் உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். பழகிப்போய், வீட்டில் சோற்றுப்பானையைக்கூட யாரும் நகர்த்த மாட்டோம்.

"என்னட்டி, முள்ளு குத்துன சேவலாட்டம் காலத் தூக்குத?" என்று மதினி கேட்டாள்.

"தரை சரியில்ல மதினி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீம்பிலேயே பொங்கலில் தொடங்கி ஆடி வரைக்கும் பின்காலோடு மல்லுக்கட்டினேன். ஒரு ஞாயிறு, கால் தானாகச் சறுக்கி வந்து சேர்ந்தது. அம்புட்டு சந்தோஷம். நான் படித்து வாங்கிய மார்க்கு எதற்கும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

சீசன் வந்தது. தீபாவளி ஆர்டருக்கு எல்லாரும் பறந்துகொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் போர்மேன் வாசலில் நின்று, "லோடு நிக்குது, தட்டக் குடும்மா" என்றார். தட்டை நீட்டினேன். கை போனது, முன்கால் போனது, பின்கால் சறுக்கி வந்து சேர்ந்தது.

சர்ரென்று சத்தம். பாதத்துக்கு அடியில் மணல்.

மதினியின் கை மருந்துக் கரண்டியோடு அப்படியே நின்றது. அவளுக்குப் பால்வாடியில் ஒரு பிள்ளை, வீட்டில் கைப்பிள்ளை ஒன்று. மற்ற இருவரும் என் காலையே பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மதினி ஈரத்துணியை எடுத்து நான் நின்ற இடத்தைத் துடைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் பேசினாள். "பொட்டலுக்கு ஒரு காலு, ரூமுக்கு ஒரு காலுன்னு சாமி நமக்குக் குடுக்கலட்டி."

மறுநாள் நானே கேட்டு, காகிதம் ஒட்டுகிற ஷெட்டுக்குப் போனேன். அவள் மேல் கோபமாக இருந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம்.

கம்பை நான் விடவில்லை. அதே கோடு, அதே வீச்சு. பின்காலை மட்டும் தூக்கி வைக்கப் பழகினேன். தாளில் இருக்கிற வெள்ளைக்காரன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். பழகுவதற்கு ஏழு மாசம் பிடித்தது, மறப்பதற்கு அதற்கு மேலும் ஆனது.

ஞாயிறுதோறும் மதினி சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பொட்டலுக்கு வருவாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பாள். பார்க்க மாட்டாள், கேட்பாள். கால் உரசினால், "இழுக்குது" என்பாள். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

அடுத்த சீசனுக்கு முன்னால் ஒரு ஞாயிறு, கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்த் திரும்பினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வேகமாகப் போய்வந்தேன். அதற்கும் சத்தமில்லை.

"நின்னுட்டியாட்டி?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இல்ல மதினி, ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப நாளைக்கு ரூமுக்கு வா."