காத்து குடிக்கிற வேன்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. வருஷக்கணக்கா இஞ்சின் சத்தத்துக்கு மேல கத்திப் பேசி என் குரல் தேஞ்சு போச்சு. காது மட்டும் நல்லா இருக்கு.

வேன் ஓட்டுறது ஒரு தொழில். பழைய வேனை ஓட வைக்கிறது வேற தொழில். ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா, அவன் ஊர்ல எல்லாருக்கும் சிரிப்பா இருப்பான். உங்கள்ல யாராவது பழைய வண்டி வெச்சிருந்தா, இப்பவே தலையை ஆட்டிகினு இருப்பீங்க. ஆட்டுங்க, நாமெல்லாம் ஒரே ஜாதி.

என் வேன், எங்க ஊர்ல தங்கச் சுரங்கம் ஓடின காலத்துல ஒரு பெரிய ஆபீசர் வெச்சிருந்த வெளிநாட்டு வண்டி. முன்னாடி மூக்கு கிடையாது. இஞ்சின் பின்னாடி இருக்கு. ரேடியேட்டர் கிடையாது, தண்ணி ஊத்துற வேலையே இல்லை. ஒரு விசிறி காத்தை இழுத்து இஞ்சின் மேல ஊதும், அதுலதான் சூடு ஆறும். குழாயில எப்போ தண்ணி வரும்னு தெரியாத எங்க ஊருக்காகவே செஞ்ச மாதிரி இருக்கும். காலையில ஆண்டர்சன்பேட்டையில ஆள் ஏத்திகினு பங்காருபேட்டை ஸ்டேஷன்ல விடுவேன். மத்தபடி கல்யாணம், கோயில், காது குத்துன்னு யார் கூப்பிட்டாலும் போவேன்.

மச்சான் செஞ்ச புண்ணியம்

என் பெண்டாட்டி சரோஜாவுக்கு பத்மான்னு ஒரு தங்கச்சி. பத்மா மகளுக்குப் பங்காருபேட்டையில கல்யாணம், காலையில முகூர்த்தம். வேன் நிறைய சொந்தக்காரங்க. முன் சீட்டுல பட்டுப் புடவையோட சரோஜா. வழியில டீக்கடைன்னு எல்லாரும் கத்தினதால நிறுத்தினேன். நான் டீ குடிச்சிட்டு வந்து பார்க்கிறேன், சரோஜாவோட தம்பி தேவராஜ் பின் கதவைத் தூக்கி வெச்சுகினு, கையில குடத்தோட நிக்கிறான். முகத்துல அப்படி ஒரு நிம்மதி. இஞ்சின் சூடா இருக்கேன்னு ரேடியேட்டர் மூடியைத் தேடியிருக்கான். அது இல்லை. கைக்குக் கிடைச்சது ஆயில் மூடி. அதைத் திறந்து, பாதிக் குடம் தண்ணியை உள்ள விட்டுட்டான்.

அடி நட்டைக் கழட்டினா ஆயிலும் தண்ணியுமா மோர் மாதிரி ஊத்துது. வேட்டியை மடிச்சுக் கட்டிகினு ரோட்டுல படுத்தேன். புது ஆயில் வாங்கி ஊத்தி, கொஞ்சம் ஓட்டி, அதையும் வடிச்சு, மறுபடியும் ஊத்தினேன். நாங்க மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ தாலி கட்டி முடிஞ்சு ரெண்டாம் பந்திக்குப் பாயசம் போட்டுகினு இருந்தாங்க. வாசல்ல நின்ன பத்மா எங்களைப் பார்க்கவே இல்லை, வேனைத்தான் பார்த்தா. திரும்பி வர்ற வழியில தேவராஜ் கேட்டான்:

“தண்ணி இல்லாத ஊர்ல பாதிக் குடம் தண்ணி சும்மா குடுத்தேன் மாமா, அத யாராவது ஒருத்தர் சொல்றீங்களா?”

சரோஜா வெச்ச கெடு

மறுநாள் காலையில வழக்கமா வர்ற ஆளுங்க எல்லாம் ஏறி உட்கார்ந்தாச்சு. சாப்பாட்டு டப்பாவைக் கொண்டு வந்த சரோஜா, அதை என் கையில குடுக்காம வேன் படியில ஏறி நின்னா. கோர்ட்டுல ஜட்ஜ் நிக்கிறதில்லை, உட்கார்ந்துதான் இருப்பாராம். இவ நின்னுகினே தீர்ப்பு சொன்னா.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னொரு வாட்டி ஆளுங்கள வெச்சிகினு இந்த வண்டி நடுவழியில நின்னுச்சின்னா, மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போவும். நீங்க எல்லாம் சாட்சி.”

சரோஜா சொன்னா சொன்னதுதான். இந்த வேன் போயிட்டா இன்னொரு வேன் வாங்குற வயசும் எனக்கு இல்லை, தெம்பும் இல்லை. வீட்டு வாசல்ல உட்கார்ந்து போற வர்ற வண்டியை எண்ணிகினு இருக்க வேண்டியதுதான். ஜன்னல் ஓரம் முனிரத்தினம் அண்ணன் துண்டால முகத்தைத் துடைச்சுக்கினார். இவர் சுரங்கத்துல வேலை பார்த்து ஓய்வு வாங்கினவர். பங்காருபேட்டையில மகள் வீட்டுக்குத் தினம் போயிட்டு வர்ற ஆளு. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவர் சொன்னார்:

“இந்தம்மா மைன்ஸ்ல மேனேஜரா இருந்திருந்தா மைன்ஸ மூடியே இருக்க மாட்டாங்க, கோயிந்தா.”

தகரத்தைக் கழட்டின அறிவாளிங்க

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. இஞ்சின் சூடாகி நின்னுடுமோன்னு எனக்குப் பயம். ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் பாஷா பாயும் நானும் பின் கதவைத் திறந்து வெச்சுகினு ஒரு மணி நேரம் யோசிச்சோம். இஞ்சினைச் சுத்தி நாலாப் பக்கமும் தகரம் போட்டு மூடியிருக்கு. காத்துல ஆற வேண்டிய இஞ்சினுக்குப் போர்வை எதுக்கு? நம்ம சட்டையைக் கழட்டினா நமக்குக் காத்து வர்ற மாதிரிதானே? ரெண்டு பேரும் சேர்ந்து தகரம் அத்தனையும் கழட்டி மூலையில போட்டோம். பாஷா பாய் கை கழுவிட்டு, “வெளிநாட்டுக்காரனுக்கு இது தோணல பாருங்க” அப்படின்னார். ரெண்டு பேரும் பெருமையா டீ குடிச்சோம்.

மறுநாள் பங்காருபேட்டை போய்ச் சேர்றதுக்குள்ள இஞ்சின் வறுத்த கடலை மாதிரி வாசனை அடிச்சுது. மேடு ஏற மாட்டேன்னுது. எல்லாரும் ஸ்டேஷன்ல இறங்கிப் போனதுக்கப்புறம், முனிரத்தினம் அண்ணன் மட்டும் பின்னாடி வந்து எட்டிப் பார்த்தார். சுரங்கத்துல அவருக்குக் காத்து வேலை. பூமிக்கு அடியில ஒவ்வொரு லெவலுக்கும் காத்து போகுதான்னு பார்த்து, எந்தக் கதவைத் திறக்கணும், எதை மூடணும்னு சொல்ற வேலை. அவர் தலையில அடிச்சுக்கினார். “விசிறி ஊதுற காத்து எங்க போவணும்னு யாரு சொல்றது? தகரம்தான் சொல்லணும். நீ அத கழட்டிட்ட. காத்து ஜாலியா வெளியில ஊரு சுத்தினு கீது.” ஆளில்லாம, ஆமை மாதிரி ஊருக்கு ஓட்டி வந்தேன். தகரம் அத்தனையும் மறுபடி மாட்டி, சந்து பொந்துக்கெல்லாம் பழைய டியூபை வெட்டி ரப்பர் வெச்சு அடைச்சோம். அன்னையில இருந்து எந்த வெயிலுக்கும் இஞ்சின் அசரலை. முனிரத்தினம் அண்ணன் அடைச்ச இடத்தையெல்லாம் கையால தடவிப் பார்த்துட்டு, பாஷா பாய்கிட்ட சொன்னார்:

“கீழ ஆயிரம் பேருக்கு மூச்சு குடுத்தவன் நான் பாய், ஒரு வேனுக்குக் குடுக்க மாட்டனா?”

விட்டுப்போன தையல்

எஸ்தர்னு ஒரு பெண். தையல்காரி. பிளவுஸ் தைச்சுக் கட்டி எடுத்துகினு வாரத்துல மூணு நாள் வருவா. எப்பவும் பின் சீட்டு, இஞ்சினுக்கு மேலயே. ஒரு நாள் இறங்கும்போது, “அண்ணா, உங்க மிஷின் ஒரு தையல் விட்டு விட்டு ஓடுது” அப்படின்னா. எனக்குச் சிரிப்பு. போன வாரத்தை விட இஞ்சின் அமைதியா ஓடுதுன்னு நானே சந்தோஷத்துல இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக் கேட்டேன். டிக் டிக் டிக், அப்புறம் ஒண்ணும் இல்லை. அவ சொன்னது சரி. இஞ்சினுக்குள்ள திறந்து மூடுற வால்வோட இடைவெளி சரியா இருந்தா கொஞ்சம் சத்தம் போடும். இறுகிப் போச்சுன்னா சத்தம் நின்னுடும். கொஞ்ச நாள்ல வால்வே கருகிப் போகும். ஆறின இஞ்சின்லதான் இதைச் சரி பண்ண முடியும். அதனால மறுநாள் விடிஞ்சதும், டீக்கு முன்னாடி, பின்னாடி உட்கார்ந்து பார்த்தேன். மூணாவது சிலிண்டர்ல ஒரு வால்வுக்கு இடைவெளியே இல்லை, அளக்குற மெல்லிசுத் தகடு நுழைய மாட்டேன்னுது. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா நடு ரோடு, அப்புறம் இரும்புக் கடை. எஸ்தருக்கு நன்றி சொன்னேன். அவ மூட்டையை மடியில வெச்சுக்கினு சொன்னா:

“சத்தம் போட்டுகினே இருக்கிறத நம்பலாம்ணா, திடீர்னு அமைதியானா சந்தேகப்படணும், எங்க வீட்டுக்காரர நான் அப்டித்தான் புடிச்சேன்.”

பொட்டு வெச்ச விளக்கு

ஆயுத பூஜைக்கு வேனைக் கழுவி, மாலை போட்டு, ஸ்டியரிங்குக்கு, கியருக்கு, மீட்டருக்கு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். மனசு நிறைஞ்சு போய்க் கொஞ்சம் தாராளமாவே வெச்சுட்டேன். நாலு நாள் கழிச்சு, தினம் பெங்களூருக்கு வேலைக்குப் போற ரேகான்னு ஒரு பொண்ணு முன் சீட்டுல உட்கார்ந்தா. பங்காருபேட்டையில இறங்கும்போது, “அங்கிள், ரப்பர் ஸ்மெல் வருது. அப்புறம் இந்தப் பொட்டுக்கு உள்ள ஏதோ லைட் எரியுது” அப்படின்னா. விரலால துடைச்சா, சிவப்பு விளக்கு. விசிறி பெல்ட் வழுக்கினா அந்த விளக்குதான் சொல்லும். நான் அதோட வாயில சந்தனத்தை அப்பி வெச்சிருக்கேன்!

பின்னாடி போய்ப் பார்த்தா பெல்ட் ஒரு நூல்ல தொங்குது. அறுந்திருந்தா விசிறி நின்னுடும், விசிறி நின்னா இஞ்சின் வெந்துடும். அங்கேயே புது பெல்ட் மாட்ட உட்கார்ந்தேன். ரேகா ரயிலுக்கு ஓடிகினே திரும்பிச் சொன்னா:

“சாமிக்கு நெத்தியில பொட்டு வைங்க அங்கிள், கண்ணுல வைக்காதீங்க!”

பூதிகோட்டை மேடு

இப்படி மூணு வருஷம் நடுவழியில நிக்காம ஓட்டிட்டேன். பத்மா மகளுக்குக் குழந்தை பிறந்து, பூதிகோட்டைப் பக்கம் குலதெய்வம் கோயில்ல மொட்டை. வேன் நிறைய ஆளு. முன் சீட்டுல சரோஜா, பக்கத்துல பத்மா. அக்கம்பக்கத்து மரியாதைக்கு முனிரத்தினம் அண்ணனும் வந்தார். ஏறும்போதே பத்மா ஆரம்பிச்சா: “இந்த டப்பா இன்னும் உயிரோட கீதா அக்கா? மொட்டை அடிக்கிறதுக்குள்ள போய் சேருமா, இல்ல அதுக்குள்ள கொழந்தைக்கு மீசை மொளச்சிடுமா?” வேனே சிரிச்சுது. சரோஜா மட்டும் சிரிக்கலை.

பூதிகோட்டைக்கு முன்னாடி ஒரு மேட்டுல இஞ்சின் ரெண்டு தரம் இருமிச்சு, நின்னுது. எனக்குப் புரிஞ்சுடுச்சு. வெயில்ல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாகிப் போச்சு. பம்பு மேல ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் விட்டா தானா சரியாகும். ஆனா நின்னது நின்னதுதானே? ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிச்சேன். நாளைக்கு இரும்புக் கடைதான். பின்னாடி முனிரத்தினம் அண்ணன், “அய்யய்யோ, கேஜ் நடு ஷாஃப்ட்ல நின்னுபோச்சே...” அப்படின்னு, சுரங்கத்துல ஆளை இறக்குற கூண்டு பாதியில மாட்டின கணக்கா ஆரம்பிச்சார். பத்மா வாயைத் திறந்தா.

அதுக்குள்ள சரோஜா கதவைத் திறந்து இறங்கிட்டா. ரோட்டோரம் தக்காளித் தோட்டம். நேரா உள்ள போனா. தோட்டக்காரர் கன்னடத்துல ஒரு விலை சொன்னார், இவ தெலுங்குல பாதி விலை கேட்டா. ஒவ்வொரு தக்காளியா எடுத்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பிடிக்காததைத் திருப்பி வெச்சா. எங்க வீட்டுக்குக் காய் வாங்க அவளுக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது. அப்புறம் ஒரு கோணிப்பையை வாய்க்கால்ல முக்கி எடுத்து வந்து என் கையில குடுத்தா. “ஈரக் கோணி இருந்தாத்தான் தக்காளி வாடாது. பின்னாடி அந்த பம்பு மேல போட்டு வைங்க, அங்கதான் எடம் கீது.” பம்பு எங்க இருக்குன்னு இவளுக்கு யாரு சொன்னாங்க? நான் அப்படியே கொண்டு போய்ப் போட்டேன். அவ மறுபடி போய் இன்னொரு பெட்டிக்குப் பேரம் பேசினா.

கால் மணி நேரம் கழிச்சு வந்து உட்கார்ந்து, “எடுங்க” அப்படின்னா. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்புலயே பிடிச்சுது. வேனுக்குள்ள எல்லாரும் என்னை விட்டுட்டு சரோஜாவைப் பார்த்தாங்க. பத்மாதான் விடலை: “அக்கா, வண்டி நின்னுச்சா இல்லியா, உண்மைய சொல்லு!”

“நின்னுச்சா? நான்தான்டி நிறுத்த சொன்னேன். தக்காளி வாங்க வேணாமா?”

காத்துல ஆறுற இஞ்சினைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மீதியை, ஒரு பெட்டித் தக்காளியைத் தூக்கித் தங்கச்சி மடியில வெச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினவகிட்டத்தான் நீங்க கேக்கணும்.