அவர் எழுதிய என் விண்ணப்பம்

கல்யாணமானபோது நான் மெட்ரிகுலேஷனுக்கு முந்தின வகுப்பில் இருந்தேன். அப்பா முக்கூடல் பக்கத்தில் ஒரு சபைக்கு உபதேசியார். பாளையங்கோட்டை மிஷன் போர்டிங்கில் என்னைச் சேர்த்துப் படிக்கவைத்தவர், நல்ல இடம் வந்ததும் இதுவரை படித்தது போதும் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. அதனால் மறுபடியும் பாளையங்கோட்டைக்கே வாழ வந்தேன். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அதன் மணிச் சத்தம் அடுக்களைக்குள் கேட்கும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றுவிடும்.

அவர் ஒரு தடவை மெட்ரிகுலேஷன் எழுதித் தோற்றிருந்தார். கணக்கில் கெட்டிக்காரர், இங்கிலீஷில்தான் போயிற்று. அது பாஸாகாமல் கச்சேரியில் மேலே போக முடியாது. கல்யாணமாகி மூன்றாம் மாதம், ஒரு விடியற்காலையில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஏளா, நீ போர்டிங்ல இங்கிலீஷ் பேசிப் பழகினவதான. நான் வாசிக்குதேன், தப்பு வந்தா நிறுத்து."

அதைக் கேட்க அவர் எத்தனை நாள் யோசித்தாரோ. பார்வை முழுக்கப் புத்தகத்தின் மேலேயே இருந்தது.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் அவர் குளிக்கப் போகும்வரை எங்களுக்குப் பாடம்தான். நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன். பதிலுக்கு அவர் அல்ஜீப்ரா. எனக்கு அது லேசில் ஏறாது. அடுப்புக்கரியால் தரையில் எழுதிக் காட்டுவார். புரியவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவார். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

பிற்பகலில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைமை மிஸியம்மா வெள்ளைக்காரர். வேதப்புத்தகத்தில் படித்த தமிழைத்தான் பேசுவார். ஒருநாள் என் ஊசிப்பெட்டிக்குள் கணக்குப் போட்ட தாள் ஒன்றைப் பார்த்துவிட்டார்.

"இது யாருடையது?"

"என்னுடையதுதாம்மா. வீட்ல அவங்க சொல்லித்தாராங்க."

"அப்படியானால் நீயும் பரீட்சைக்குப் போ."

வீட்டில் சொன்னேன். "ரெண்டு பேருமாப் போவோம்" என்றார், திருவிழாவுக்குக் கிளம்புகிற மாதிரி.

டிசம்பரில் எழுதினோம். ஆண்களுக்குப் பெரிய ஹால். பெண்கள் நாங்கள் நாலு பேர் தனி அறையில். முடிவு கெஜட்டில் வரும், கெஜட் முதலில் கச்சேரிக்குத்தான் வரும். ஒருநாள் மத்தியானம் வழக்கமில்லாமல் வீட்டுக்கு வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒன் நம்பர் இருக்கு" என்றார்.

"உங்க நம்பர்?"

"பைய சாப்பிடு. சொல்லுதேன்."

பக்கத்தில் உட்கார்ந்து, அவரே ரசச் சட்டியை எடுத்து எனக்கு ஊற்றினார். எனக்குப் புரிந்துவிட்டது. சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது.

"அதுக்காகச் சோத்த வச்சிராத" என்றார்.

மறுவாரம் மிஸியம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். இப்போதே டீச்சர் டிரெயினிங்குக்குப் போனால் சின்ன வகுப்புகளோடு நின்றுவிடும். சென்னையில் காலேஜில் சேர்ந்து இரண்டு வருஷம் எஃப்.ஏ. படித்தால் பெரிய வகுப்புப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நிதானமாக விளக்கினார். எந்தப் பாடம் எனக்கு லேசு, எதில் உதைக்கும் என்று மறைக்காமல் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவர் தோற்றிருக்கும்போது நான் மட்டும் பட்டணத்துக்கு ரயிலேறுவது எனக்குப் பாவமாகப் பட்டது.

மிஸியம்மா அவரைப் பார்த்து, "நீர் என்ன சொல்லுகிறீர்?" என்றார்.

"அங்க மீன் போடுவாங்களாம்மா? இவளுக்கு மீனில்லாட்டி சோறு எறங்காது."

மிஸியம்மா சிரித்துவிட்டு, வாரத்தில் ஒருநாள் உண்டு என்றார்.

"லீவுக்கு விடுவாங்களா?"

"விடுவார்கள்."

"அப்ப போகட்டும். நான் தோத்ததுக்கு இவ ஏன் நிக்கணும்?"

விண்ணப்பத்தை வீட்டுக்கு எடுத்துவந்து அவரே எழுதினார். நகல் எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு எழுத்தும் அச்சில் வார்த்தது போல இருந்தது. கணவர் சம்மதம் என்று கேட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. "புருஷனத் தனியா விட்டுட்டு எந்தப் பொம்பள படிக்கப் போவா?" என்று கேட்டார். "அவளாப் போகல, நான் அனுப்புதேன்" என்றார் இவர். அத்தை பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் கிளம்பும் நாளில் முறுக்குச் சுட்டுக் கட்டிக்கொடுத்தார்.

ரயில் நகர்ந்தபோது ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார். கடிதம் போடு என்றார்.

நான் சென்னையில் இருந்தபோது இன்னொரு தடவை பரீட்சை எழுதினார். அதிலும் நம்பர் இல்லை. மழை பெய்தது, பசு கன்று போட்டது என்பதற்கு நடுவில் அதையும் கடிதத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவர் பரீட்சைக்குப் போகவில்லை. நான் பாஸாகித் திரும்பி வந்து, மணிச் சத்தம் கேட்ட அந்தப் பள்ளிக்கூடத்திலேயே மெட்ரிகுலேஷன் வகுப்பு எடுத்தேன். அவர் நகல் குமாஸ்தாவாகவே இருந்தார்.

வெகு காலம் கழித்து ஒருநாள், கெஜட் வந்த அன்றைக்கு மனசுக்கு எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"அன்னைக்கு வலிச்சுது. பொறவு நீ பட்டணம் போக ஒனக்குப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனம்லா, அதுல மறந்துபோச்சு."

முழுக்க மறந்திருக்க மாட்டார் என்று தெரியும்.