விளையாடும்போது மட்டும் மாத்தி

சும்மா இருக்கும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, விளையாட உட்கார்ந்ததும் பொட்டென்று அணைந்துபோகும் கணினிகளை எழுப்பிவிடுவதுதான் என் பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் என் கடை. எதிரியைக் குறிபார்த்த நேரத்தில் திரை கறுத்துப்போய் மேசையைக் குத்தியவரா நீங்கள்? அப்படியானால் நம் கூட்டம்தான், வாருங்கள்.

பாஸ் எங்கே?

பூச்சோங்கிலிருந்து ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "பாஸ் இல்லையா?" என்றார். நான்தான் என்றேன். நம்பாமல் உட்கார்ந்தார். விளையாட்டுக்கென்றே புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியிருக்கிறார். பவர் சப்ளையோ பழையது. விளையாட்டு சூடுபிடித்ததும் கார்டு கேட்கிற மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் அது கையை விரித்துவிடுகிறது. பெரிதாக ஒன்றை மாட்டி, அவரையே உட்கார வைத்து விளையாடச் சொன்னேன். ஒரு தடவைகூட அணையவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகக் கிளம்பியவர் வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "ரொம்ப தேங்க்ஸ்க்கா. எதுக்கும் பாஸ் வந்ததும் ஒரு வாட்டி கேட்டு வச்சிக்குங்க."

அதுவுமா?

மலாய் மொழியில் 'மாத்தி' என்றால் செத்தது, அணைந்தது. தமிழ் பேசும்போதும் நம் ஆட்கள் அதை விடமாட்டார்கள். சுங்கை வேயிலிருந்து ஒருவர் போன் செய்து, "கேம் ஓப்பன் பண்ணா மாத்திக்கா" என்றார். வேலை மும்முரத்தில் நான் "எதை மாத்தினீங்க?" என்று கேட்க, "நான் ஒண்ணும் மாத்தலக்கா, அதுவா மாத்தி!" என்று அவர் பதற, எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கொண்டுவரச் சொல்லித் திறந்து பார்த்தால், உள்ளே சூட்டைத் தணிக்கிற ஃபேன் சுற்றவே இல்லை. புதிதாக ஒன்று போட்டுவிட்டு, "ஃபேன் மாத்தியாச்சு, வந்து எடுத்துக்குங்க" என்று போனில் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு: "ஐயோ, அதுவும் மாத்தியா?"

கிள்ளான் ஆன்டி

கமலா ஆன்டிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கிள்ளானில் தனியாக இருக்கிறார். மிரியில் வேலை பார்க்கும் மகனோடு சேர்ந்து, தினமும் சாயங்காலம் ஆன்லைனில் நடமாடும் பிணங்களைச் சுடுவார். "போன்ல கூப்பிட்டா, சாப்டேன்மா, நல்லாருக்கேன்மா, அவ்ளோதான். சுடும்போதுதாம்மா அவன் வாயத் தொறந்து பேசுவான்" என்றார். ஒரு நாள் அவன், "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்திருக்கிறான். மாத்தி. பிறகு போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறான். விளையாடினால்தான் சொல்வான், விளையாடினால் கணினி அணைகிறது. வேலை போய்விட்டதோ, உடம்புக்கு ஏதாவதோ என்று ஆன்டிக்குத் தூக்கமே இல்லை.

கடையில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குப் போனதும் மறுபடி மாத்தி. ஆன்டியின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாகிவிட்டது. கடைசியில் நானே ரயிலேறி கிள்ளானுக்குப் போனேன். கணினி சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. சாயங்காலம் ஆன்டி விளக்கேற்றி, சாம்பிராணி போட எழுந்தார். அதற்கு முன், சாம்பல் விழக்கூடாதென்று கணினிப் பெட்டியை ஒரு பழைய பட்டுத்துணியால் சுற்றிலும் கச்சிதமாகப் போர்த்தினார். சாமி கும்பிட்டுவிட்டு, துணியை எடுக்காமலேயே விளையாட உட்கார்ந்தார். காற்றுப் போக வழியே இல்லை. சும்மா இருந்தால் பெட்டி தாங்கும், விளையாடினால் தாங்குமா? தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லாய்க் கொதித்தது. "இதை ஏன் ஆன்டி முன்னாடியே சொல்லல?" என்றேன். "கம்ப்யூட்டரத்தானேம்மா ரிப்பேருக்குக் கொடுத்தேன், துணியவா கொடுத்தேன்?" என்றார்.

துணியை உருவிவிட்டு, பெட்டியை மேடையிலிருந்து தள்ளி வைத்தேன். அன்று அது அணையவில்லை. பிணங்கள் சரமாரியாக விழ, மகன் மெல்லப் பேச ஆரம்பித்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டேன். நல்ல சேதியாக இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஆன்டியே கூப்பிட்டார்: "அவனுக்குக் கல்யாணம்மா! கூட வேலை செய்ற பொண்ணாம், என்னைவிட நல்லா சுடுவாளாம். நீ கண்டிப்பா வந்துரு, உங்க பாஸையும் கூட்டிட்டு வாலா."

ஆக, எந்தக் கணினியையும் எழுப்பிவிடுகிறேன், அந்த பாஸைத்தான் இன்னும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.