சிவப்புக்குக் குருடான கண்ணாடி

இந்த ஊரில் நான் வாயிலெடுக்கக் கூடாத சொல் ஒன்று உண்டென்பது வந்த மூன்றாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தானியக் கடையின் மாடியில் என் படக்கடையைத் திறந்திருந்தேன். முதல் வாடிக்கையாக ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள், பெண்கள் தலையிலெல்லாம் பூ. அவர்கள் உள்ளறையில் பொட்டிட்டுக்கொண்டிருக்க, நான் வெளியில் நின்று, நம் யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது கேட்பதுபோல, "எல்லாரும் வெளிக்கிட்டாச்சோ?" என்று குரல் கொடுத்தேன். உள்ளே பேச்சு அடங்கிப்போயிற்று. சற்றுப் பொறுத்து வீட்டுக்காரர் மட்டும் வந்து என் காதருகில் குனிந்து, "காலைலயே எல்லாருக்கும் ஆச்சுங்க சாமி. படம் புடிக்க அதெல்லாமா கேப்பீங்க?" என்றார். நமக்கு அது உடுத்துப் புறப்படுவது. இங்கே அது விடியற்காலையில் செம்போடு காட்டுப் பக்கம் போகிற காரியம்.

அவர் என்னைச் சாமி என்றதும் எனக்குப் புதிராக இருந்தது. கோவிற் குருக்கள் என்று எண்ணிவிட்டாரோ என்று பூணூல் இல்லாத என் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் மோர்க்காரி தன் இடுப்புக் குழந்தையைச் சாமி என்கிறாள், தன் கிழத் தகப்பனையும் சாமி என்கிறாள். தமிழ்நாட்டுக்குத்தானே போகிறோம், பாஷைக்கு என்ன குறை என்று எண்ணிக் கப்பலேறும் நம்மவர்களுக்காகவே இதை எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவின் படக்கடையில் பத்து வருஷம் வேலை செய்தேன். பெரியப்பாவுக்கு மூன்று மகன்மார். கடைக்கு ஒரே கமெரா. நான்கு பேர் ஒரு கறுப்புத் துணிக்குள் தலையை விட முடியாது. ஆகவே நான் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினேன். நம் ஊரில் படம் பிடிக்க வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, வாத்தியாரானால் வெள்ளைக் கோட்டு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்றே உடுத்த மனிதர்கள். இதுவோ நெசவு ஊர். அரக்கும் கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் நடந்து வந்து என் நாற்காலியில் அமர்ந்தன.

கமெராவுக்குள் வைக்க நான் வாங்கிப் பாவித்த கண்ணாடித் தகட்டுக்கோ நிறக் குருடு. நீலத்தைக் கண்டால் வெள்ளை என்று பதிந்துவிடும். மஞ்சளை மங்கலாக்கும். சிவப்பு அதன் கண்ணில் படவே படாது; ஆகவே சிவப்பு இருந்த இடமெல்லாம் படத்தில் கறுப்பு. இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டுத் தகட்டைக் கழுவ முடிவதே இதனால்தான். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நம் ஊரில் அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

அம்மாபேட்டை நெசவாளர் அங்கமுத்து தம் மகள் பழனியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தது அந்த நாட்களில்தான். பினாங்கில் கணக்கெழுதும் ஒருவருக்குப் பெண் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வந்து பார்க்க வழியில்லை. படம் அனுப்பச் சொல்லியிருந்தார். நான் துணிக்குள் தலையை விட்டபடி, "பெட்டையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி இருத்துங்கோ" என்றேன். தலையை வெளியே எடுத்தால் அங்கமுத்து எனக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார்.

"ஏனுங்க, எம் பொண்ணு என்ன கோழிங்களா?"

நம் ஊரில் பெண்பிள்ளையைச் செல்லமாகச் சொல்வது அப்படித்தான் என்று விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் போயிற்று. அத்தனை நேரமும் பழனியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததை அவள் தோள் காட்டிக் கொடுத்தது. மஞ்சள் பூசிக் குளித்த முகத்தோடு, அரக்குச் சேலையில் ஒரு படமும் வானநீலச் சேலையில் ஒரு படமும் எடுத்தேன்.

படங்களை வாங்கிப்போக வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், ராசிபுரத்து நூல் வியாபாரி பொன்னுசாமி. உறையைப் பிரித்தவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு படத்தில் மஞ்சள் முகம் கறுத்து, அரக்குச் சேலை கரியாகி, பெண் இருட்டோடு இருட்டாக இருந்தாள். மற்றதில் அதே கறுத்த முகம், சேலை மட்டும் வெள்ளை வெளேரென்று.

"கரிக்கட்டையாட்டம் ஒருத்தி, தாலியறுத்தவளாட்டம் ஒருத்தி. இதுல எங்க பையனுக்குப் பாத்த பொண்ணு எதுங்க?"

"ரெண்டும் அவதான்" என்றேன்.

"அப்ப ரெண்டும் வேண்டாமுங்க" என்று படங்களை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் தகடு கலைத்துவிட்டது. மறுநாள் படங்களோடு அம்மாபேட்டைக்கு நடந்தேன். அங்கமுத்து தறியை விட்டு எழவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. பழனியம்மாள்தான் படங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"இந்த அரக்குச் சீல நான் நெஞ்சதுங்க. இதப் போயி இப்புடிக் காட்டியிருக்குது" என்றாள். பிறகு, "உங்க பொட்டிக்கு என்னென்ன நெறம் தெரியுமுங்க?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நான் சொல்லத் தொடங்கியதை அவள் காதில் வாங்கவில்லை. வீட்டிலிருந்த சாய நூலில் நிறத்துக்கு ஒரு பிடியாகப் பதினான்கு பிடி எடுத்து ஒரு கோலில் வரிசையாகக் கட்டிக் கையில் கொடுத்தாள். நான் அதைப் படம் பிடித்துக்கொண்டு மறுபடி போனேன். நூலுக்குப் பக்கத்தில் படத்தை வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அரக்கும் கரும்பச்சையும் ஒண்ணாப் போச்சுங்க. வானநீலமும் வெள்ளையும் ஒண்ணு. அப்ப மூஞ்சியில நீலத்தப் பூசிக்கிட்டா வெள்ளையா வருவனுங்களா?"

"ஓம்" என்றேன். என் தொழிலை ஒருவர் இவ்வளவு விரைவில் பிடித்துக்கொண்டதில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்த உற்சாகத்தில் பின்னால் வரப்போவதை யோசிக்கவில்லை.

மறுபடி படமெடுக்கக் குறித்த நாளில், துணிக்குப் போடும் நீலத்தை அரிசி மாவில் குழைத்து முகம் கழுத்து கையெல்லாம் பூசிக்கொண்டு, குதிரை வண்டியில் கடைவீதி நடுவாக வந்து இறங்கினாள். வெயிலில் நீலம் பளபளத்தது. மிளகாய் மண்டிக்காரர் கடையை விட்டிறங்கி வந்து கும்பிட்டார். கிருஷ்ண வேஷம் இவ்வளவு சீக்கிரம் கட்டிவிட்டார்களே, கூத்து எந்தத் தெருவில் என்று ஒருவர் அங்கமுத்துவை விசாரித்தார். அங்கமுத்து துண்டால் தம் முகத்தை மூடிக்கொண்டு படியேறினார்.

அவர் மூடிக்கொண்டதற்கு வேறு காரணமும் இருந்தது. படத்தை நம்ப வேண்டாம், பெண்ணை நேரில் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பொன்னுசாமிக்கு அவர் ஆள் விட்டிருந்தார். வருகிற நாள் தெரியாது. அது அன்றைய நாளாகவே ஆகிவிட்டது. நான் தகட்டைக் கமெராவில் பூட்டிக்கொண்டிருக்கையில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாபேட்டையில் விசாரித்துக்கொண்டு வந்த பொன்னுசாமி உள்ளே நுழைந்து நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கறுப்பு ஆச்சு, வெள்ளை ஆச்சு. இந்தத் தடவ நீலமுங்களா?"

அங்கமுத்து துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். பழனியம்மாள் எழுந்து, "மாமா, நீங்க இதுல உக்காருங்க. பாதி மூஞ்சிக்கு மட்டும் பூசி ஒரு படம் எடுக்கலாமுங்க. அப்பறம் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர் நூல் வியாபாரி. சாயத்தைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு கட்டு வாங்கியறியாதவர். "தண்ணியில வெளுத்தாப் போயிருமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்தார். மூக்குத் தண்டை எல்லையாக வைத்து இடப்பக்கம் முழுதும் பூசினாள். நான் எடுத்துக் கழுவித் தாளில் ஏற்றும்வரை, அரை முகம் நீலமாகவே அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

படத்தில் ஒரு பக்கம் அவர். மறுபக்கம் யாரோ துரை. இரண்டும் ஒரே மீசையில் கூடின. பொன்னுசாமி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் கலெக்டராட்டமல்ல இருக்கறேன்" என்று சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த வெகுநேரமாயிற்று. அங்கமுத்து முகத்துத் துண்டை எடுத்தார்.

பிறகு பழனியம்மாளின் படத்தை எடுத்தோம். வெள்ளைக்காரி தோற்றுப்போவாள், அவ்வளவு வெளுப்பு. பொன்னுசாமிக்குத் திருப்தி. இதையே அனுப்பிவிடலாம் என்றார்.

"வேண்டாமுங்க மாமா" என்றாள் அவள். "கறுப்பா வந்ததும் நான் இல்லீங்க. இதும் நான் இல்லீங்க. கல்யாணத்துக்கு வந்து எறங்கறப்ப அவரு இந்த மூஞ்சியத்தான தேடுவாரு?"

"கூடி வாரதக் கெடுக்காத சாமி" என்றார் அங்கமுத்து மெல்ல. அவர் குரல் கெஞ்சியது.

அவள் அசையவில்லை. பொன்னுசாமி தம் கையிலிருந்த அரை முகத்தை இன்னொருதரம் பார்த்தார். "புள்ள சொல்றதும் சரிதானுங்க. என்னையே எனக்குப் பாதிதான் அடையாளம் தெரியுது" என்றார். என் பக்கம் திரும்பி, "உள்ளபடி காட்ட வழி இல்லீங்களா?" என்றார்.

இருந்தது. படத்தின்மேல் கையால் நிறம் தீட்டுவது. முகத்தைக் கழுவிக்கொண்டு, மஞ்சள் இல்லாமல், கத்திரிப்பூ நிறச் சேலையில் அவள் அமர, நான் இன்னொரு படம் எடுத்தேன். இரண்டு நாள் இருந்து நிறம் தீட்டினேன். நம் கடை வழக்கப்படி முகத்துக்கு இள நிறம், பின்திரைக்குப் பச்சை. முடித்துப் பார்த்தால் முகம் காய்ச்சல்காரி முகம்போலச் சிவந்து கிடந்தது. முகத்தை மூன்றுதரம் அழித்தெழுதினேன். சிவப்பு போகவில்லை.

தகப்பனோடு வந்து பார்த்த பழனியம்மாள், "மூஞ்சியில தப்பில்லீங்க" என்றாள். "பின்னால பச்சையப் போட்டு வெச்சிருக்கீங்க. பச்சைக்குப் பக்கத்துல எத வெச்சாலும் செவந்துதான் காட்டும். சீலையில கர போடறப்ப நாங்க பாக்கறதுதானுங்க. அந்தப் பச்சைய அடக்குங்க."

எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் பின்திரையில் பழுப்பைக் கலந்து பச்சையைக் கொன்றேன். முகத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. முகம் மாறிவிட்டது. சற்று வெயில் பட்ட, மாநிறமான, சிரிப்பை அடக்குகிற அந்த முகம் தாளில் வந்து நின்றது. அங்கமுத்து, "இது எம் புள்ள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பொன்னுசாமி படத்தைத் தபாலில் அனுப்பினார். அவசரத்தில் தம் அரைமுகப் படத்தையும் அதே உறைக்குள் வைத்துவிட்டார். பினாங்கிலிருந்து பதில் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, தை மாதம் வருகிறேன், மாமாவுக்கு முகத்தில் ஒரு பக்கம் என்ன ஆயிற்று, நல்ல வைத்தியரிடம் காட்டவும் என்று எழுதியிருந்தது. அதைப் பொன்னுசாமியே என் கடைக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார்.

கல்யாணம் முடிந்து கப்பலேற ஒரு வாரம் இருக்கையில் புருஷனும் பெண்ணும் சோடியாகப் படம் பிடிக்க வந்தார்கள். மாப்பிள்ளை கண்ணாடியில் தலைவாரிக்கொண்டிருக்க, அவள் என்னிடம், "அங்க போனா அவங்க பேசறது எனக்கு வெளங்குமுங்களா?" என்றாள்.

"பாதி விளங்கும். மற்றப் பாதிக்குச் சிரித்துவிடு" என்றேன்.

"கடல் என்ன நெறமுங்க?"

நீலம் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த நீலம் என்று அடுத்துக் கேட்பாள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கண்ணை மூடிப் பார்த்தேன், சட்டென்று பிடிபடவில்லை. நாளை தீட்டித் தருகிறேன் என்று அனுப்பினேன். அன்று கடையை அடைத்துவிட்டு, ஒரே கிண்ணத்தில் நிறம் கலந்து, நம் ஊர்க் கடலை இரண்டு அட்டைகளில் ஒன்றுபோலத் தீட்டினேன். காங்கேசன்துறையில் பொழுது சாயும்போது பார்க்கிற கடல். ஒன்றை மறுநாள் அவளிடம் கொடுத்தேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தன தண்ணிங்களா" என்றாள். பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மற்றதை, நம் ஊர்க் கடலென்று எழுதத் தேவையில்லை என்று எண்ணி, யாழ்ப்பாணத்திலுள்ள என் அண்ணருக்கு அனுப்பினேன். போன கிழமை கடிதம் வந்தது. வீட்டில் எல்லாரும் சுகம், மாடு கன்று போட்டிருக்கிறது, படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறோம் என்று எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தார்: "சேலத்து மலை நல்ல வடிவாய்த்தான் இருக்கு."