சவரிமுத்து ஏன் தும்மக்கூடாது?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பக்கத்து வீட்டுச் சவரிமுத்து தும்மினார். ஒரே ஒரு தும்மல்தான்.

சர்ச் பூசைக்கு அழைத்துப்போக வந்திருந்த மகன் அருளப்பன் பதறிவிட்டான். வந்த காரிலேயே திரும்பி, காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு டாக்டரோடு வந்தான். பின் சீட்டில் மருமகள் ரோஸி, மடியில் இரண்டு பிளாஸ்க். ஒன்றில் கஞ்சி, இன்னொன்றில் கோழி சூப். வீட்டுக்கார ஐயங்கார் கேட்டால் மிளகு ரசம்!

டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்தார். "தூசிங்க. வேற ஒண்ணுமில்லை."

"நல்லாப் பாருங்க டாக்டர்... இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இவருக்கு ஒண்ணும் வராதுல்ல?" என்றான் மகன்.

டாக்டர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத்தான் கதை தெரியுமே!

சவரிமுத்து மர வியாபாரி. வயது எழுபதை நெருங்குகிறது. மனைவி காலமாகிவிட்டார். மேலப்புதூரில் மாடி வைத்த பெரிய வீடு, மரக்கடை, முசிறிப் பக்கம் வாழைத் தோட்டம், வாடகைக்கு விட்ட இரண்டு வீடுகள். இவ்வளவும் உள்ளவர் ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் ஓர் அறையும் சமையற்கட்டுமாகக் குடியிருக்கிறார். ஏன்? எல்லாம் எஸ்டேட் டியூட்டி என்கிற சாவு வரி செய்த உபயம்.

உயிரோடு இருக்கிறவனிடம் சர்க்கார் வரி வாங்குகிறது. செத்தால் மட்டும் விட்டுவிடுமா? பெரிய சொத்தை வைத்துவிட்டு ஒருவர் கண்ணை மூடினால், வாரிசுக்கு முன்னால் சர்க்கார் கையை நீட்டும். துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் வெறுங்கையோடு திரும்பாதவர் அவர் ஒருவர்தான்.

அருளப்பன் அப்பாவை ஓர் ஆடிட்டரிடம் அழைத்துப் போனான்.

"இப்பவே மகன் பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க" என்றார் ஆடிட்டர். "அப்புறம் அதுக்கு வரி கிடையாது. ஆனா ரெண்டு கண்டிஷன். எழுதின பிறகு ரெண்டு வருஷமாவது நீங்க உயிரோட இருக்கணும்."

"அது என் கையிலயா இருக்கு? சரி, இன்னொண்ணு?"

"அந்த வீட்ல குடியிருக்கக் கூடாது. இருந்தீங்கன்னா, குடுத்தது சும்மா காகிதத்துலதான்னு இலாகாக்காரன் சொல்லிடுவான்."

மகன் எல்லாச் சொத்தையும் எழுதிக் கேட்டான். அப்பா வீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தார். மேலப்புதூரிலேயே வேறு வீடா இல்லை? ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்தால்தான் சட்டம் திருப்திப்படும் என்று மகனுக்கு ஓர் எண்ணம். அப்படித்தான் அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார்.

அன்று முதல் அவருக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே... மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது! ஞாயிறுதோறும் கார். மாதம் ஒரு முறை ரத்த அழுத்தச் சோதனை. படிக்கட்டில் ஏறினால் கை கொடுக்க ஆள். முன்பெல்லாம் அவர் இருமினால், "மெதுவா இருமுங்கப்பா, குழந்தை தூங்குது" என்ற அதே மகன்தான்.

பூசை முடிந்து மேலப்புதூர் வீட்டில் சாப்பாடு. விருந்தாளியாக வரலாம் என்று ஆடிட்டர் அனுமதித்திருந்தார். அருளப்பன் ஆடிட்டரையும் மிஞ்சினான். மாடிக்குப் போகக் கூடாது. சாப்பிட்ட பிறகு படுக்கக் கூடாது. ஒரு நாள் நல்ல மழை. கிழவர் கட்டிலைப் பார்த்தார். மகன் குடையைக் கொடுத்தான்.

"நான் போட்ட கட்டில் சார்" என்றார் சவரிமுத்து, அன்று மாலை ஈரவேட்டியைப் பிழிந்துகொண்டே. "பர்மா தேக்கு. அவன் அம்மா போனது அதுலதான். ஒரு மணி நேரம் சாஞ்சா வரி கட்டணுமாம்."

இரண்டு வருஷம் முடிந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. கார் வரவில்லை.

"என்னங்க, இன்னிக்குப் பூசைக்குப் போகலியா?"

"புதன்கிழமையோட கெடு முடிஞ்சிருச்சு சார். அன்னிக்கே வந்து, 'தோட்டத்தையும் கையோட எழுதிடுங்கப்பா'ன்னான். பார்க்கலாம்னேன். அதான்..."

டவுன் பஸ் ஏறிப் போனார். அடுத்த ஞாயிறும் பஸ்தான். அதற்கடுத்த ஞாயிறு எங்குமே போகவில்லை. அன்று பகல் முழுவதும் அவர் வீட்டில் அடுப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. என் மனைவி ஒரு தட்டில் இட்லி கொடுத்தனுப்பினாள். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

பிறகு ஒரு நாள் கிழவர் துவைத்த சட்டையோடு ரிஜிஸ்டிரார் ஆபீசுக்குக் கிளம்பினார். வாழைத் தோட்டம் மகன் பேருக்கு மாறியது. இரண்டு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கார் வந்தது, கூடவே பிளாஸ்க்கும். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் இந்தத் தும்மல்.

டாக்டரைக் கொண்டுபோய் விட மகனும் மருமகளும் கிளம்பியதும், வேலியோரம் போய் விசாரித்தேன்.

"இப்ப எப்படிங்க இருக்கு?"

சவரிமுத்து இடுப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். மூக்குப் பொடி!

"எனக்குப் பழக்கம் கிடையாது சார். மூணு வாரமா யாரும் எட்டிப் பார்க்கலியே... காரு ஓடுதா இல்லையான்னு பார்த்தேன்."

"ஓடுதுங்களா?"

"நல்லாவே ஓடுது. தோட்டம் முடிஞ்சா மரக்கடை இருக்கு. அப்புறம் வாடகை வீடு ரெண்டு. ஒண்ணொண்ணாத்தான் எழுதுவேன்." சூப்பை ஒரு வாய் குடித்தார். "உப்புக் கம்மி. அடுத்த வாரம் சொல்லணும்."

பெற்றவர்களைப் பேண வேண்டும் என்று கோயிலிலும் சர்ச்சிலும் எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! கடைசியில் அருளப்பன் காதில் அதை ஏற்றியது வரி இலாகா.