பெரியம்மா சொல்லாமல் விட்ட கதை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பைபிளை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். படித்துக் காட்டச் சொல்லி யார் வாசலிலும் போய் நின்றதில்லை. படித்ததற்கு அர்த்தம் சொல்ல இப்போது ஆளுக்குக் குறைவில்லை. நான் அர்த்தம் கேட்டு வளர்ந்தது என் பெரியம்மாவிடம். அவளும் ஒரு கதையை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அம்மா செத்த பிறகு அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். பெரம்பலூரில் இருந்த பெரியம்மா என்னை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பைபிளம்மா வேலை. ஊர் ஊராகப் போய் கதை சொல்வாள், வசனத்துக்கு விளக்கம் சொல்வாள், சீக்காளிக்குச் செபம் பண்ணுவாள். பகலெல்லாம் ஊராரோடு பேசிவிட்டு வருகிறவளிடம் எனக்கென்று பேச்சு மிஞ்சாது. “வெளக்க அமத்திட்டுப் படு” என்பாள். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னையும் கூட்டிப்போவாள். வேப்பங்கிளையில் பைபிள் கதைப் படச்சுருளைத் தொங்கவிடுவாள். காற்றில் அடிக்காமல் அதன் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எல்லோரும் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒருநாள் செட்டிகுளத்துப் பக்கம் ஒரு சின்னப் பட்டிக்குப் போயிருந்தோம். தூரத்தில் முருகன் கோயில் மலை தெரிந்தது. காணாமற்போன ஆட்டின் கதை: நூறு ஆட்டில் ஒன்று தொலைய, மற்றதை விட்டுவிட்டு மேய்ப்பர் அதைத் தேடிப்போவார். படத்தில் மேய்ப்பர் ஒரு வெள்ளை ஆட்டைத் தோளில் போட்டிருந்தார்.

“இம்புட்டு மயிரோட இது எந்த ஊரு ஆடு? நம்ம வெயிலுக்குச் செத்துல்ல போவும்” என்றார் ஆடு மேய்க்கும் கிழவர். பெண்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. “மிச்சத் தொண்ணூத்தொம்பதையும் ஆருகிட்ட வுட்டுட்டுப் போனாரு, பைபிளம்மா? அதுவ வெள்ளாமையில பூந்தா தெண்டம் ஆரு கட்டுறது?”

“அதையெல்லாம் யோசிச்சா தேடப் போவ முடியாதுண்ணே” என்றாள் பெரியம்மா. “காணாமப் போனது, ஆளு வருதான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கும்.”

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. தொலைந்தால்தான் தேடுவார்கள். படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறவளை யார் தேடுவது?

“தாகமா இருக்கு” என்றேன்.

“இரு. செபம் முடியட்டும்.”

பெரியம்மாவின் செபம் நீளமானது. எல்லோரும் கண்ணை மூடியதும் படத்தை விட்டுவிட்டு, பக்கத்துச் சோளக்கொல்லைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆமென் கேட்டது. பெண்கள் களையெடுக்கப் போனார்கள். “ஏ புள்ள, எங்க போன?” என்று பெரியம்மா கூப்பிட்டாள். நான் பேசவில்லை. ஆடு போய்ச் சேருவதாகக் கதையில் இல்லை. மேய்ப்பர்தான் வந்து எடுக்க வேண்டும். மறுபடி கூப்பிட்டாள். பிறகு சோளத்தட்டைகளின் சந்து வழியே பார்த்தேன். கொல்லைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், எதிர்ப்பக்கம் இருந்த ஏற்றக்கிணற்றை நோக்கி வேகவேகமாகப் போனாள். குரலும் தூரமாகி நின்றுபோயிற்று.

சோளத்தட்டை உரசுகிற சத்தம் மட்டும் இருந்தது. அப்படியொரு தனிமையை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன், இப்போது நான் இருக்கும் இந்த வீட்டிலேயே. ஆனால் அன்றுதான் முதல் தடவை.

வெயில் சாயும்போது ஓர் ஆடு வந்து என் முகத்தை முகர்ந்தது. பின்னாலேயே கிழவர். “அடியே, இங்கயா குந்தியிருக்க? நட முன்னால” என்று கோலை ஆட்டினார். படத்தில் இருந்த மாதிரி யாரும் என்னைத் தோளில் தூக்கவில்லை. மந்தையோடு மந்தையாக ஓட்டிக்கொண்டுதான் போனார்.

வேப்பமரத்தடியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்து வரை நனைந்த சேலை. தலைமுடியில் பாசி. கிளையிலிருந்து அவிழ்ந்த படம் புழுதியில் கிடக்க, ஆடுகள் அதன்மேல் நடந்தன. அவள் அதை எடுக்கவில்லை.

“கெணத்துல எறங்குனியாம்மா? நீச்சல் தெரியுமா?” என்று கேட்டார் கிழவர்.

“தெரியாதுண்ணே.”

என்னைப் பார்த்து, “பஸ்ஸு போயிடும், நட” என்றாள். பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்தவள் பெரம்பலூர் வரும்வரை விடவில்லை. கண்ணாடி வளையல் உடைந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. என்னைத் தேட வேண்டிய நேரத்தில், நீச்சல் தெரியாதவளுக்குக் கிணற்றில் என்ன குளியல்?

அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அவள் அந்தக் கதையைச் சொல்லவில்லை. அந்தப் படம் வரும்போது பேசாமல் அடுத்ததற்குப் புரட்டிவிடுவாள். நான் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆட்டுக் குளம்பு பட்டுப் படம் அழுக்காகிவிட்டதால்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.